நவம்பர் இறுதியில் ஐரோப்பா: எந்த ஊரிலிருந்து தொடங்கலாம்?

நண்பர்களே, உங்கள் உதவி தேவை. நவம்பர் 15 முதல் 29 வரை நானும் அம்மாவும் ப்ராக், புடாபெஸ்ட், வியன்னா, வெனிஸ், ரோம் போகிறோம். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு. ஊர்களுக்கு இடையே ரயில்தான். ஒரு ஊரில் இறங்கி வேறு ஊரிலிருந்து திரும்பும்படி விமானம் பார்க்கிறேன்.

குழப்பம் வரிசையில்தான். ப்ராகில் தொடங்கினால் குளிர் கூடுவதற்குள் தெற்கே இறங்கிவிடலாம். ரோமில் தொடங்கி ப்ராகில் முடித்தால், பழைய நகரச் சதுக்கத்துக் கிறிஸ்துமஸ் சந்தையைக் கடைசி நாளிலாவது பார்க்க வாய்ப்பு இருக்கிறது. அம்மா பல வருடமாக ஆசைப்படுவது அதற்குத்தான். ஆனால் அங்கே அப்போது மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், கல் பாவிய தெருக்கள் வேறு. வியன்னாவில் சந்தைகள் நவம்பர் நடுவிலேயே தொடங்கிவிடுகின்றன. அது போதுமா?

அப்புறம், வியன்னா-வெனிஸ் இரவு ரயிலில் போனால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம். ஆனால் ஆஸ்திரியாவில் 1854-இல் திறந்த செம்மரிங் மலை ரயில் பாதையைப் பார்க்க முடியாது. எனக்குப் பகல் ரயில்தான் பிடித்திருக்கிறது. படுக்கைப் பெட்டியில் வயதானவர்களோடு போனவர்கள் சொல்லுங்கள், மேலே ஏறாமல் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்க முடியுமா?

வெனிஸில் அந்த மாதம் வெள்ளநீர் ஏறக்கூடும் என்பதால் இரண்டு இரவு போதும் என்று நினைக்கிறேன். அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் ஷெங்கன் விசா (இந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான விசா) கேட்க வேண்டும், அதனால் இந்த வாரமே இரவுக் கணக்கை முடிக்க வேண்டும். நீங்களாக இருந்தால் எந்த ஊரைக் குறைப்பீர்கள்?