தழும்பு திருத்த அறுவை செய்துகொண்டவர்களே, போகும் முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பதைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

ஒரு விபத்துக்குப் பிறகு 19 நாள் வென்டிலேட்டரில் கிடந்தேன். கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குழாய்க்குள் டியூப் வைத்திருந்தார்கள். டியூபை எடுத்ததும் துளை தானாக மூடிக்கொண்டது. மூடிய இடத்தில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு குழி. குழி கூடப் பரவாயில்லை. எச்சில் விழுங்கும்போதெல்லாம் அது மேலே ஏறி இறங்கும். தோல் உள்ளே மூச்சுக்குழாயோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால் வந்த வினை. எதிரே உட்கார்ந்து பேசுகிறவரின் பார்வை என் முகத்திலிருந்து கழுத்துக்கு நழுவுகிற நொடி எனக்கு உடனே தெரிந்துவிடும். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டே இரண்டு வருடம் ஓட்டினேன்.

பிளாஸ்டிக் சர்ஜனிடம் போனதும், "இந்தத் தழும்பை எடுத்துடுங்க டாக்டர்" என்றேன். அவர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். "எச்சில் விழுங்குங்க. இப்ப சொல்லுங்க, உங்களுக்கு இதுல எது பிடிக்கல? நிறமா, பள்ளமா, அகலமா, அசையுறதா?" என்றார். யோசித்தால் அசைவுதான். மற்றதெல்லாம் எனக்குப் பழகிப்போயிருந்தது. "அசைவைச் சரி செய்யலாம். பள்ளம் பெரும்பாலும் நிரம்பும். கோடு இருக்கும். தழும்பே இல்லாம ஆக்குற வித்தை யார்கிட்டயும் இல்ல. இருக்குறதை வெட்டி எடுத்துட்டு, கண்ணை உறுத்தாத இன்னொரு தழும்பை அங்க வைக்கிறோம், அவ்வளவுதான்" என்றார்.

அன்றைக்கு இந்தப் பதில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு வேறு இரண்டு பேரைப் பார்த்தபோது, "சுத்தமாகப் போய்விடும்" என்றவரிடம் நான் திரும்பப் போகவில்லை.

அறுவைக்கு முன் மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டு, மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். வெளித்தோல் வேலைக்கு இது எதற்கு என்று எரிச்சல் வந்தது. டியூப் இருந்த இடம் உள்ளே சுருங்கியிருந்தால் மயக்க மருந்து கொடுக்கும்போது சிக்கலாகிவிடும் என்று பிறகுதான் புரிந்தது. அறுவையில் குழியின் தோலை வெட்டி எடுத்து, ஒட்டியிருந்ததைப் பிரித்து, இரண்டு பக்கத் தசையையும் நடுவில் இழுத்துச் சேர்த்து ஒரு திரை மாதிரி வைத்தார்கள். மறுபடி ஒட்டாமல் இருக்க அதுதான் வழியாம். மேல்தோலைக் கழுத்து மடிப்பின் போக்கிலேயே குறுக்காகத் தைத்தார்கள். 6ஆம் நாள் தையல் பிரித்தாயிற்று.

யாரும் எனக்கு அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. தையல் பிரித்த அன்று முடி போல ஒரு மெல்லிய கோடு. படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். ஆறாவது வாரம் அதே கோடு சிவந்து, தடித்து, அரிக்க ஆரம்பித்தது. எல்லாம் வீணாகிவிட்டது என்று ஒரு ராத்திரி தூங்கவே இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "இப்படித்தான் வரும். ஒண்ணரை ரெண்டு மாசத்துல மோசமாத் தெரியும், அப்புறம் இறங்கும். ஒரு வருஷம் ஆகாம நானும் தீர்ப்பு சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லக் கூடாது" என்றார்.

* * *

உங்கள் டாக்டர் கண்ணாடி கொடுத்தார். எனக்கு அமைந்தவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

நெஞ்சு நடுவில் ஒரு பருவைக் கிள்ளிவிட்டேன். அது காய்ந்த இடத்தில் ஒரு புடைப்பு. அந்தப் புடைப்பு இரண்டு பக்கமும் கால் நீட்டிக்கொண்டு வளர்ந்தது. இப்படி வளர்கிற தழும்புக்குக் கீலாய்டு என்று பெயர். அந்தப் பெயரே நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாம். 1800களின் தொடக்கத்தில் அலிபேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் வைத்த பெயர். சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

முதலில் பார்த்தவர் மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் வெட்டித் தைத்து அனுப்பிவிட்டார். நாலு மாதம் அழகாக இருந்தது. ஐந்தாவது மாதம் தையல் போட்ட புள்ளி ஒவ்வொன்றும் ஒரு விதையாகி, பழையதைவிட இரண்டு மடங்கு பெரிதாக வந்து நின்றது.

அடுத்துப் போன இடத்தில் அந்த டாக்டரம்மா நெஞ்சைப் பார்க்கும் முன் கேட்டது இதுதான்: "உடம்புல வேற எங்கயாவது பழைய தழும்பு இருக்கா? காட்டுங்க." கையில் தடுப்பூசி போட்ட இடம் சின்ன வயதிலிருந்தே புடைத்திருக்கும். காது குத்திய இடத்திலும் ஒரு கட்டி. அம்மாவுக்கும் தோளில் ஒன்று உண்டு. இதையெல்லாம் கேட்டுவிட்டு, "உங்க தோல் முன்னாடியே சொல்லிட்டு இருந்திருக்கு" என்றார். காயம் பட்ட எல்லைக்குள்ளேயே தடித்து நின்றால் அது வேறு வகை, நாளாவட்டத்தில் தானாக அமுங்கக்கூடும். எல்லை தாண்டிப் பக்கத்து நல்ல தோலிலும் ஏறினால் கீலாய்டு. கீலாய்டை வெறுமனே வெட்டினால் திரும்ப வரும் வாய்ப்பு 45 முதல் 100 விழுக்காடு என்பது மருத்துவப் புத்தகங்களில் பல காலமாக இருக்கிற கணக்கு. இதைத் தெரிந்துகொண்ட அன்று, முதலில் வெட்டிய டாக்டர் மேல் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

பிறகு நான்கு வாரத்துக்கு ஒரு முறை டிரையாம்சினலோன் ஊசி, தழும்பை அமுங்க வைக்கிற ஸ்டீராய்டு மருந்து. அதைச் சொல்லியே ஆக வேண்டும். கீலாய்டு கல் மாதிரி இருக்கும். முதல் தடவை மருந்து உள்ளே இறங்கவே இல்லை. சிரிஞ்சை அழுத்தி அழுத்தி டாக்டரம்மாவின் கட்டைவிரல் நகம் வெளுத்துப்போனது. எனக்குக் கண்ணில் தண்ணீர். நான்காவது ஊசிக்குள் அது இளகி, மருந்து சுலபமாக இறங்கியது. பக்க விளைவும் உண்டு. ஊசி போட்ட ஓரங்களில் தோல் மெலிந்து, வெள்ளைத் திட்டு விழுந்தது. எனக்கு இரண்டு மாதம் மாதவிடாய் தாறுமாறானது. பெண்கள் இதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நான் வேறு என்னென்னவோ நினைத்துப் பயந்துவிட்டேன். கடைசியில் மீதியை வெட்டி எடுத்து, மறுபடி வளராமல் இருக்க மறுநாளே கதிர்வீச்சு தொடங்கினார்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் தொடங்கினார்கள். மூன்று வருடம் ஆகிறது. ஒரு முனையில் மட்டும் மிளகு அளவுக்குத் தலைதூக்கியது, ஒரே ஊசியில் அடங்கிவிட்டது.

* * *

சின்னதாக ஒன்று. என் முன்கையில் நாணயம் மாதிரி வட்டமான தழும்பு. எடுத்த பிறகு விரல் நீளத்துக்கு ஒரு கோடு! கட்டைப் பிரித்ததும் சண்டைக்கே போய்விட்டேன். வட்டத்தை வட்டமாக வெட்டித் தைத்தால் இரண்டு முனையிலும் தோல் கொம்பு மாதிரி தூக்கிக்கொள்ளுமாம். அதனால் கண் வடிவத்தில், அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளத்துக்கு வெட்டுவார்கள். இப்போது அந்தக் கோடு பார்ப்பவர் கண்ணில் படுவதில்லை, உண்மைதான். ஆனாலும் பேனாவால் வரைந்து காட்டிவிட்டு வெட்டியிருக்கலாம் இல்லையா? நீங்கள் வரையச் சொல்லுங்கள்.

* * *

என் மகளுக்கு நாலு வயதில் கையில் வெந்நீர் கொட்டிவிட்டது. அழகுக்காகச் செய்கிறவர்களின் கதை வேறு, எங்கள் கதை வேறு.

புண் ஆறிய பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைப் பக்கம் மெல்ல மெல்ல மடங்க ஆரம்பித்தன. தழும்பு முற்ற ஒரு வருடமாவது ஆகும், அதுவரை கத்தி வைக்க வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் காத்திருந்தோம். எட்டாவது மாதம் ஒரு சர்ஜன் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் ஏன் விட்டீங்க?" என்றார். வெறும் தோற்றத்துக்கென்றால் பொறுக்கலாமாம். மூட்டை இழுத்து மடக்குகிற தழும்பு, கண் இமையை இழுத்து மூட விடாமல் செய்கிற தழும்பு இதெல்லாம் காத்திருக்கிற விஷயமே இல்லையாம். நாள் போனால் மூட்டே இறுகிவிடும். இந்த ஒன்றுக்காகத்தான் எழுதவே வந்தேன்.

அவர் கையுறை மேலேயே பேனாவால் இசட் எழுத்து மாதிரி வரைந்து காட்டினார். இழுக்கிற கோட்டில் இசட் வடிவத்தில் வெட்டி, இரண்டு முக்கோணத் தோலையும் இடம் மாற்றித் தைத்தால் கோட்டின் திசை திரும்பும், நீளமும் கிடைக்கும். 60 டிகிரி கோணத்தில் வெட்டினால் கணக்குப்படி 75 விழுக்காடு நீளம் கூடும். "அது நல்ல தோலுக்கு. வெந்த தோல் அவ்வளவு கொடுக்காதும்மா" என்றும் சொல்லிவிட்டார்.

அறுவை ஒரு மணி நேரம்தான். அதற்குப் பிறகு நடந்ததுதான் மலை. ராத்திரி முழுக்க விரலை நீட்டி வைக்கும் பட்டை. பகலில் அழுத்தக் கையுறை, ஒரு நாளைக்கு 23 மணி நேரம். மீதி ஒரு மணி நேரம் குளிக்க, தழும்பை நீவிவிட. துவைத்தது காய்வதற்குள் போட இன்னொன்று வேண்டும், அதனால் இரண்டாக வாங்கிவிடுங்கள். அவள் அழுவாள், நான் குளியலறைக்குள் போய் அழுவேன். ஐந்து மாதம் கழித்துத் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டாள். மேலிருந்து கீழ் வரை ஒவ்வொன்றாக, நாக்கைக் கடித்துக்கொண்டு.

ஆனால் அதோடு முடியவில்லை. எலும்பு வளர்கிற வேகத்துக்குத் தழும்புத் தோல் வளராது. ஒன்பது வயதில் மறுபடி ஒரு தடவை செய்தோம். உயரம் கூடும் வயதில் இன்னொன்று தேவைப்படலாம் என்கிறார்கள்.

* * *

நான் செய்துகொள்ளவே இல்லை. கன்னத்தில் வெட்டுக்காயம், நாலாவது மாதம் அவசரமாக ஓடினேன். "இன்னும் பழுக்கவே இல்ல, ஒரு வருஷம் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். 14ஆவது மாதம் போனபோது எடுக்க ஒன்றுமில்லை என்று அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். இடையில் செய்ததெல்லாம் தினமும் சிலிக்கான் ஜெல், வெயிலில் போனால் சன்ஸ்கிரீன். அவ்வளவுதான்.

* * *

11 வருடமாகக் கட்டு மாற்றும் அறையில் நர்ஸாக இருக்கிறேன். உங்களில் யாரும் சொல்லாததைச் சொல்கிறேன்: நோயாளிகள் மறைப்பது.

சிகரெட் முதலிடம். "விட்டுட்டேன் சிஸ்டர்" என்பார்கள். இடம் மாற்றித் தைத்த தோலின் நுனி மூன்றாம் நாள் நீலமாகி, பிறகு கறுக்கும்போது உண்மை வெளியே வரும். நிகோடின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அந்த நுனிக்கு ரத்தம் போய்ச் சேராது. அறுவைக்கு முன்னால் நாலு வாரம், பின்னால் நாலு வாரம் தொடக் கூடாது என்பது சும்மா சொல்கிற கணக்கு இல்லை.

அடுத்து மாத்திரைகள். ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுவது, மீன் எண்ணெய் மாத்திரை, முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், பேர் தெரியாத மூலிகைப் பொடி எல்லாவற்றையும் சொல்லுங்கள். சொல்லத்தான் சொல்கிறேன், நீங்களாக நிறுத்தச் சொல்லவில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த ஒருவர் தழும்பு அறுவைக்காகத் தானே மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தார். அன்றைக்கு அறுவையை ரத்து செய்து இதய டாக்டரிடம் அனுப்பினோம்.

மூன்றாவது, அவசரம். தையல் பிரித்துவிட்டால் ஆறிவிட்டது என்று நினைக்கிறார்கள். மூன்று வாரத்தில் காயத்துக்கு இருக்கும் பலம் நல்ல தோலின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். மூன்று மாதத்தில் 80 விழுக்காடு வரை ஏறும், அதற்கு மேல் எப்போதும் ஏறாது. தோளில் திருத்தம் செய்த ஒரு பையன் 15ஆம் நாள் ஜிம்முக்குப் போய் எடை தூக்கினான். காயம் பிரியவில்லை, ஆனால் கோடு மெல்ல அகலமாகிப் பழைய தழும்புக்கே வந்துவிட்டது. தோள், முதுகு, நெஞ்சு, முழங்கால் எல்லாம் தோல் இழுபடுகிற இடங்கள். முகத்தில் கிடைக்கிற முடிவை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

சிலிக்கான் ஷீட், தைலம், நீவுவது எல்லாம் காயம் முழுக்க மூடிய பிறகுதான். ஷீட் போட்டால் தினம் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதமாவது. இரண்டு நாள் போட்டுவிட்டு அலமாரியில் வைத்தால் அலமாரிக்குத்தான் நல்லது.

கடைசியாக ஒன்று. பல வருடப் பழைய தீக்காயத் தழும்பில் புண் வந்து வாரக்கணக்கில் ஆறவில்லை என்றால், அதை அழகு சமாச்சாரமாக நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருக்காதீர்கள். அபூர்வம்தான், ஆனால் புற்றாக மாறியதை நானே பார்த்திருக்கிறேன். சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

* * *

கழுத்துக்காரரே, ஒரு கேள்வி. எனக்கும் உங்களுடைய அதே தழும்புதான், அடுத்த மாதம் அறுவைக்கு நாள் குறித்திருக்கிறது. அசைவு சுத்தமாக நின்றுவிட்டதா?

* * *

நின்றுவிட்டது என்று சொல்ல ஆசைதான். பத்தாவது மாதம் நடக்கிறது. எச்சில் விழுங்கினால் ஒன்றும் தெரியாது. பெரிய மடக்காகத் தண்ணீர் குடித்தால் இடது ஓரத்தில் ஒரு சின்ன இழுப்பு, அதுவும் நான் கண்ணாடி முன் நின்று தேடினால்தான். தொட்டால் கோட்டுக்கு மேலே கொஞ்சம் மரத்திருக்கிறது. வலி நீங்கள் நினைக்கிற அளவுக்கு இருக்காது, முதல் வாரம் இருமலும் தும்மலும் வந்தால்தான் உயிர் போகும்.

ஒன்று செய்யுங்கள் தம்பி. இன்றைக்கே ஒரு படம் எடுத்துவிடுங்கள், விழுங்கும்போது ஒரு சின்ன வீடியோவும். மாதம் ஒரு தடவை அதே ஜன்னல், அதே நேரம், அதே தூரம். ஆறாவது வாரம் என்னைக் காப்பாற்றியது அந்த முதல் வீடியோதான். பழசு எப்படி இருந்தது என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.