மறுமொழி: ‘முதன்மை வேலையளிப்பவர்’ யாருக்குப் புரிகிறது?

மஞ்சக்குப்பத்திலிருந்து

சட்டச் சொற்பட்டியல் குழுவினருக்கு வணக்கம்.

ஒப்பந்ததாரர் வழியாக ஆள் வைத்து வேலை வாங்கும் நிறுவனத்தை ‘முதன்மை வேலையளிப்பவர்’ (principal employer) என்று எழுதுவதை மாற்றலாம் என்றிருந்தேன். அரசு ஆவணங்களில் ஏறிவிட்ட அந்தச் சொல்லை ஏன் கலைக்க வேண்டும் என்று இருவர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். எனக்கும் அந்தச் சொல்லோடு பகை இல்லாமல்தான் இருந்தது, ஒரு மனுவைத் தமிழில் எழுதிக் கொடுக்க உட்காரும் வரைக்கும்.

நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. சிப்காட் பக்கம் ஒரு கிடங்கில் இரவுக் காவலுக்கு இருந்தவர், மழை நாளில் ஈரக் கையோடு கேட் அருகே இருந்த சுவிட்சைத் தொட்டிருக்கிறார். அங்கேயே உயிர் போய்விட்டது. அவருடைய மனைவி ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தார். அடையாள அட்டையும் விசிலும் ஏஜென்சி கொடுத்தவை. டார்ச் லைட் கம்பெனியுடையது. கம்பி வளைந்த குடை அவருடையது. ரவுண்ட்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தை மகன் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தான்: மேலே கம்பெனி முத்திரை, கீழே அவர் கையெழுத்தில் ‘2.00 – பின்பக்கம் சரி’.

எதிர்மனுதாரர்கள் இருவர்: கிடங்கை வைத்திருந்த கம்பெனியும், அவரைக் காவலுக்கு அனுப்பிய ஏஜென்சியும். கம்பெனியை ‘முதன்மை வேலையளிப்பவர்’ என்று எழுதி வாசித்துக் காட்டினேன். “முதன்மை என்றால் முதலில் வேலைக்குச் சேர்த்தவரா ஐயா? அது ஏஜென்சிக்காரர்தானே?” என்று கேட்டார் அந்த அம்மா. சட்டம் சொல்வது இதற்கு நேர் எதிர். சொல்லே அவரைத் தப்பான வாசலுக்கு அனுப்பிவிட்டது.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு) சட்டத்தில் இந்தச் சொல் இரட்டையாக வந்தது. ஒருவர் ‘முதன்மை’, ஆளை அனுப்பும் ஒப்பந்ததாரர் ‘உடனடி’. சிலர் இதை ‘உடனடி முதலாளி’ என்றே பெயர்த்திருக்கிறார்கள். வெந்நீர் ஊற்றினால் முதலாளி ஆகிவிடுவார் போலும். அந்தச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, ஒப்பந்ததாரர் அனுப்பிய ஆளுக்கும் சந்தாவை முதலில் கட்ட வேண்டியிருந்தவர் முதன்மை வேலையளிப்பவர்தான். பிறகு ஒப்பந்ததாரரிடம் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

அதே 2025 நவம்பர் வரை இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவும் இதே வழியில்தான் போனது. தன் தொழிலின் வழக்கமான பகுதியாக உள்ள வேலையை ஒருவர் ஒப்பந்தத்துக்கு விட்டால், தானே ஆள் வைத்ததுபோல் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது அது. விபத்து அவர் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் நடந்திருக்க வேண்டும். கொடுத்த பிறகு ஒப்பந்ததாரரிடம் திரும்பக் கேட்கலாம். குடும்பம் விரும்பினால் நேரே ஒப்பந்ததாரரிடமும் கேட்கலாம்.

தொகை சிறியதல்ல. இ.எஸ்.ஐ.க்குள் வராத காவலர் ஒருவர் 50 வயதில், 12,000 ரூபாய் சம்பளத்தில் இறந்தால், அந்தச் சட்டப்படிச் சம்பளத்தில் பாதியை 153.09 என்ற வயதுக் காரணியால் பெருக்கிவந்தார்கள்: 9,18,540 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. ஆகவே யாருடைய பெயர் மனுவில் ஏறுகிறது என்பது அந்த வீட்டுக்குச் சோற்றுப் பிரச்சினை.

கம்பெனிக்கும் ஏஜென்சிக்கும் நடுவே ஓர் ஒப்பந்தத் தாள் இருந்தது. ‘எந்த அசம்பாவிதத்துக்கும் நிறுவனம் பொறுப்பல்ல’ என்று அதில் ஒரு வரி. அது அவர்கள் இருவருக்குள் இருக்கும் கொடுக்கல் வாங்கல். இறந்தவரின் வீட்டாரை அது கட்டாது. தொழிலாளியே கையெழுத்துப் போட்டு உரிமையை விட்டுக்கொடுத்திருந்தாலும், அதே இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைச் செல்லாது என்றது.

என் முன்மொழிவு இதுதான். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் ஒரு சிக்கல் என்றால், குத்தகைக்காரரை விட்டுவிட்டு ‘தோப்புக்கு உடையவர் யார்?’ என்று கேட்பார்கள். அதே வழியில் ‘முதன்மை வேலையளிப்பவர்’ என்பதற்குப் பணிக்குடையவர். ஒப்பந்ததாரருக்கு, ஓட்டுநர், பெறுநர் வரிசையில் ஆள்தருநர். அந்தப் பையில் இருந்த ஒவ்வொரு பொருளுக்கும் உடையவர் யார் என்று சொல்ல முடிந்தது. அவர் பார்த்த வேலைக்கு மட்டும் இரு தரப்பும் ‘எங்களுடையது அல்ல’ என்றன.

(இதை எழுதும்போது பழைய பாடிகாவல் (ஊர்க்காவல்) முறை நினைவுக்கு வந்தது. களவு போன பொருளுக்கு ஈடு கொடுக்க வேண்டியவர் காவல்காரர்தான். அவர் உயிருக்கு யார் ஈடு கொடுத்தார்களோ.)

---

புதுச்சேரியிலிருந்து

ஐயா, வணக்கம். சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் தொழிற்பேட்டை வழக்குகளைப் பார்த்த அனுபவத்தில் ஒரு தடை.

‘பணிக்குடையவர்’ என்று எழுதிவிட்டால், வழக்கில் தீர்மானிக்க வேண்டியதை நாமே தீர்மானித்துவிட்டோம் என்பார்கள். “நாங்கள் சாயம் காய்ச்சுகிறோம், காவல் காப்பது எங்கள் தொழிலா?” என்பதுதானே முதல் வாதம்? 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில், நிறுவனத்தின் மையப் பணி ஆகாதவை என்ற பட்டியலில் துப்புரவு, கேன்டீன் இவற்றோடு காவல் சேவையும் இருக்கிறது. அந்தப் பட்டியல் எந்த வேலைக்கு ஒப்பந்த ஆள் வைக்கக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டது. ஆனாலும் எதிர்த்தரப்பு அதை இழப்பீட்டு வழக்குக்கும் தூக்கிக்கொண்டு வரும், பாருங்கள்.

பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்பின் பழைய 1384ஆம் பிரிவில் ‘கொமெத்தான்’ என்று ஒரு சொல் உண்டு. வேலையை ஒருவர் கையில் ஒப்படைத்தவர் என்று பொருள். ‘ஒப்புவித்தவர்’ என்று வைத்தால் என்ன? யாருடைய தொழில் என்ற சண்டைக்குள் போகாமல், நடந்ததை மட்டும் சொல்லும்.

---

மஞ்சக்குப்பத்திலிருந்து

அம்மா, ஒப்புவிப்பது என்றால் என் பேத்திக்குக் குறள் ஒப்புவிப்பதுதான். அது போகட்டும். அந்த பிரெஞ்சுப் பிரிவு, வேலையாள் பிறருக்குச் செய்த கேட்டுக்கு எசமானர் பதில் சொல்வது பற்றியது. இங்கே செத்ததே வேலையாள். இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் நாளைக்கு நமக்கே குழப்பம் வரும்.

உங்கள் முதல் தடையை ஏற்கிறேன், ஆனால் அதற்காகச் சொல்லைக் கைவிட மாட்டேன். ‘முதன்மை’ என்பதில் அந்தச் சண்டையே தெரிவதில்லை. ‘பணிக்குடையவர்’ என்றதும் ‘யாருடைய பணி?’ என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. விசாரணையில் கேட்க வேண்டியதும் அதுதான். தீர்ப்புக்கு முன்பு ‘பணிக்குடையவர் எனச் சொல்லப்படுபவர்’ என்று எழுதிக்கொள்ளலாம். முதல் தடவை பழைய சொல்லையும் பக்கத்தில் போட்டுவிடலாம்.

---

புதுச்சேரியிலிருந்து

சரி ஐயா, அப்படியே பட்டியலில் சேர்க்கிறேன். ஒரு சிறு திருத்தம் மட்டும். தட்டச்சு செய்த தாளை எங்கள் அலுவலகப் பையனிடம் நீட்டினேன். ‘பணிக் குடையவர்’ என்று பிரித்துப் படித்துவிட்டு, வேலைக்குக் குடை கொடுத்தவரா என்று கேட்டான். குடை அவருடையது என்றுதானே எழுதியிருந்தீர்கள்? ‘பணிக்கு உடையவர்’ என்று இடம் விட்டே எழுதுவோம்.