தடைசெய்யப்பட்ட பத்திரிகை உங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களின் அனுபவங்கள்

தகடூர் வாத்தியார்:

பாப்பாரப்பட்டியில் உள்ள சுப்பிரமணிய சிவா நினைவிடத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போவது எங்கள் வழக்கம். பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான்: தொழுநோய் எப்படி வந்தது, ரயிலில் ஏன் ஏற்றவில்லை, 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டிய பாரதமாதா கோயில் ஏன் அப்போதே எழும்பவில்லை. இந்த முறை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வேறொன்றைக் கேட்டான். "பாரதியார் புதுச்சேரியில் உட்கார்ந்து பத்திரிகை போட்டார், சரி. படிக்கிறவர்கள் எல்லாம் இந்தப் பக்கம்தானே சார் இருந்தார்கள்?"

நியாயமான கேள்வி. 1908 மார்ச்சில் வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். அதே ஆண்டு சென்னையில் பாரதி எழுதிவந்த 'இந்தியா' வார இதழின் மேல் வழக்கு விழுந்தது. பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். அக்டோபரில் பத்திரிகையும் அங்கிருந்து வரத் தொடங்கியது. ஆனால் சந்தாதாரர்கள் இருந்ததெல்லாம் பிரிட்டிஷ் சீமையில். நம் ஊர்கள் அப்போது சேலம் மாவட்டம்.

அந்தப் பத்திரிகை நம் பக்கம் வந்ததா, எப்படி வந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருந்தால் எழுதுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே எழுதினால் போதும். ஜரிகை வேண்டாம்.

தென்பெண்ணைக் கரை:

காவேரிப்பட்டணம். என் பாட்டியின் மாமனார் துணி வியாபாரி. துணிக்கட்டின் நடுவே பத்திரிகையை வைத்துப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தார் என்று பாட்டி சொல்வார். ஒரு இதழ்கூட வீட்டில் மிஞ்சவில்லை. ஏன் மிஞ்சவில்லை என்பதற்கு மட்டும் பாட்டியிடம் தெளிவான பதில் இருந்தது.

படித்து முடித்தால் அடுப்பில் போட மாட்டார்களாம். அச்சடித்த தாளை எரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தாள் சுருண்டு கருகினாலும் சாம்பலில் எழுத்து பளிச்சென்று நிற்கும். யாராவது வந்து அடுப்பைக் கிளறினால் போச்சு. அதனால் மாட்டுக்கொட்டகைத் தொட்டியில் ஓர் இரவு ஊறப்போட்டு, காலையில் சாணத்தோடு பிசைந்து வரட்டியாகத் தட்டிவிடுவார்கள். தட்டியது வீட்டுப் பெண்கள்தான். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்களிடம்தான் அந்தப் பத்திரிகை கடைசியாகப் போய்ச் சேர்ந்தது. சுவரில் காயும் வரட்டியை எந்தப் போலீஸ்காரன் உடைத்துப் பார்ப்பான்?

ஓய்வுபெற்ற தபால்காரர், தருமபுரி:

வரட்டிக் கதையை நம்புகிறேன், அம்மா. துணிக்கட்டுக் கதையைக் கொஞ்சம் தள்ளித்தான் வைப்பேன். தடைசெய்யப்பட்ட பத்திரிகை என்றாலே எல்லாக் குடும்பத்திலும் ஒரு துணிக்கட்டு வந்துவிடுகிறது.

என் வேலைக்காலம் முழுவதும் தபால் பிரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பத்திரிகை என்பது தபாலில் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் பொருள். சலுகைக் கட்டணத்தில் போக வேண்டுமானால் உறையை ஒட்டக்கூடாது. நடுவே ஒரு தாள் பட்டையைச் சுற்றி விலாசம் ஒட்டுவார்கள். இரண்டு முனையும் திறந்தே இருக்கும். உள்ளே இருப்பது என்ன என்று பார்ப்பதற்காகவே அந்த ஏற்பாடு. பட்டையைக் கொஞ்சம் நகர்த்தினால் பத்திரிகையின் பெயர் தெரிந்துவிடும். ஒட்டிய உறையில் கடிதமாக அனுப்பினால் தப்பலாம், ஆனால் வாரா வாரம் அத்தனை பேருக்கும் கடிதக் கட்டணம் கட்டினால் பத்திரிகை நடத்துகிறவர் திவாலாகிவிடுவார். இதில் இன்னொன்று: பாரதி 'இந்தியா'வைச் சிவப்புத் தாளில் வெளியிட்டார் என்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. அந்தத் தாளைத் தபால் மேசையில் தேட வேண்டியதே இல்லை.

1910 பிப்ரவரியில் வந்த பத்திரிகைச் சட்டம், சந்தேகத்துக்குரிய தபாலை நிறுத்திவைக்கும் அதிகாரத்தைத் தபால் நிலையங்களுக்கே கொடுத்தது. அடுத்த மாதமே 'இந்தியா' நின்றுபோனது. எல்லையில் துப்பாக்கியோடு யாரும் நிற்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வேலையை முடித்தது எங்கள் இலாகாதான். பெருமையாகச் சொல்லவில்லை.

பேப்பர் ஏஜென்ட், கிருஷ்ணகிரி:

ஐயா சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன். விடியற்காலை பஸ் நிலையத்தில் கட்டு பிரிக்கிறவன் நான். ஒவ்வொரு கட்டின் மேலும் ஊர்ப் பெயரும் பிரதி எண்ணிக்கையும் எழுதிய லேபிள் இருக்கும். அந்த லேபிள்களை மட்டும் ஒருவர் சேகரித்துக்கொண்டால் போதும்: இந்த மாவட்டத்தில் எந்த ஊரில் எந்தப் பத்திரிகைக்கு எத்தனை வாசகர் என்பது அவர் கைக்கு வந்துவிடும். பத்திரிகையைப் பிடிப்பதைவிட விலாசங்களைப் பிடிப்பதுதான் அரசாங்கத்துக்கு லாபம். 1909இல் சந்தா கட்டியவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? தன் பெயர் ஒட்டிய பட்டை யார் மேசையில் கிடக்கிறதோ என்ற பயம் வந்துவிட்டால் அடுத்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்க மாட்டார். தடை உத்தரவு வருவதற்கு முன்பே பாதிப் பத்திரிகை செத்துவிடும்.

பிரதி போனாலும் பணம் திரும்பி வர வேண்டுமே. யாரும் அதைப் பேசுவதில்லை. கடத்திக்கொண்டு வந்தவரைப் பற்றிக் கதை சொல்கிறோம். சந்தா வசூலித்து அந்தப் பக்கம் கொண்டுபோனவரைப் பற்றி ஒரு கதையும் கிடையாது. என்னைக் கேட்டால் அவர்தான் பெரிய ஆள்.

ஓசூர்க்காரி:

எங்கள் ஊரில் கடத்தல் என்றால் கர்நாடகத்துக்குப் போகும் ரேஷன் அரிசிதான். ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் பஸ்ஸுக்குள் ஏறி மூட்டையைக் குத்திப் பார்ப்பார்கள். பத்திரிகையைத் தேடியதாக நான் கேட்டதில்லை.

அப்பா தொழிற்சங்கக்காரர். வீட்டில் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் மலிவு விலை ரஷ்யப் புத்தகங்கள் நிறைய. சாப்பாட்டு நேரத்தில், ரஷ்யப் புரட்சிக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து நடத்திய 'இஸ்க்ரா' பத்திரிகையின் கதையைத்தான் சொல்வார். 1900 டிசம்பரில் லைப்சிக்கில் முதல் இதழ். பிறகு மியூனிக், லண்டன், ஜெனீவா என்று ஊர் ஊராக ஓடியபடியே லெனினும் மற்றவர்களும் அதை நடத்தினார்கள். ரஷ்யாவுக்குள் கொண்டுபோக இரட்டை அடித்தட்டு வைத்த பெட்டிகள், அதற்கென்றே மெல்லிய தாள். இதெல்லாம் துணிக்கட்டு ரகம்தான். எனக்குப் பிடித்தது, அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்த பாகு நகரத்து ஏற்பாடு. பிரதிகளைச் சுமப்பதற்குப் பதிலாகப் பக்கங்களின் அச்சு வார்ப்பை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். 'நீனா' என்ற மறைபெயரில் இயங்கிய ரகசிய அச்சகம் அங்கேயே பத்திரிகையை மறுபடி அச்சிட்டது. ஒரு வார்ப்பு எல்லையைத் தாண்டினால் போதும், ஆயிரம் பிரதிகள் தாண்ட வேண்டியதில்லை.

பேப்பர் ஏஜென்ட், கிருஷ்ணகிரி:

இன்றைக்குப் பெரிய பத்திரிகைகள் செய்வதும் அதுதான் சகோதரி. பக்கத்தை அனுப்பிவிட்டுப் பல ஊர்களில் அச்சிடுகிறார்கள். இவர்களை மட்டும் யாரும் பிடிப்பதில்லை.

மாங்கனி நகர்:

எல்லோரும் கடத்தலையே ரசிக்கிறோம். சென்னையில் 'இந்தியா'வின் ஆசிரியர் என்று சட்டப்படி பதிவாகியிருந்தவர் எம். சீனிவாசன். எழுதியது பெரும்பாலும் பாரதி. ஐந்தாண்டுச் சிறை சீனிவாசனுக்கு. புதுச்சேரிக்குப் போனவர்களுக்குச் சிலை இருக்கிறது, போகாதவருக்கு என்ன இருக்கிறது? பாரதியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாடு கடந்த பத்திரிகையின் கதையை எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிப் பழகிவிட்டோம் என்கிறேன்.

ஓய்வுபெற்ற தபால்காரர், தருமபுரி:

சரியாகச் சொன்னீர்கள். போக்குவரத்து ஒரு திசையில் மட்டும் இருந்ததாகவும் நினைக்க வேண்டாம். இந்திய விடுதலைக்காக வெளிநாட்டில் இயங்கிய மேடம் காமா பாரிசிலிருந்து நடத்திய 'வந்தே மாதரம்' 1909 செப்டம்பர் முதல் வந்தது. அதன் பிரதிகள் புதுச்சேரி வழியாகவும் இந்தியாவுக்குள் நுழைந்தன. புதுச்சேரியின் எல்லையே ஒரு வேடிக்கை. இந்த ஊர் பிரெஞ்சு, அடுத்த ஊர் பிரிட்டிஷ், அதற்கடுத்தது மறுபடி பிரெஞ்சு. ரயிலில் வந்தவர்களைச் சோதிக்கலாம்; வயல் வரப்பில் நடந்து வருகிறவரை எங்கே நிறுத்திச் சோதிப்பது? இதை யோசித்தால் அம்மாவின் துணிக்கட்டையும் முழுக்கத் தள்ள முடியவில்லை.

தகடூர் வாத்தியார்:

இதுவரை யாரும் தொடாத ஒரு வழி இருக்கிறது. அதுதான் பாப்பாரப்பட்டியோடு ஒட்டியது. சிவா 1912 நவம்பரில் விடுதலையானார். நோயோடு வெளியே வந்தவர், 1913இல் சென்னையில் 'ஞானபாநு' என்ற மாத இதழைத் தொடங்கினார். சட்டப்படி, பகிரங்கமாக. அதில் பாரதி புதுச்சேரியில் இருந்தபடியே புனைபெயர்களில் எழுதினார். பத்திரிகையை உள்ளே வரவிடாத அரசாங்கத்தின் தபாலிலேயே, அனுமதி பெற்ற இதழாக, பாரதியின் எழுத்து வீடு வீடாகப் போயிருக்கிறது. துணிக்கட்டு எதுவும் தேவைப்படவில்லை. ஆறு வயல் தாண்டிப் பத்திரிகை கொண்டுவந்தவரை வியக்கிறோம். சிறையில் உடம்பைத் தொலைத்துவிட்டு வந்து, மறுபடியும் சிறைக்குப் போக நேரும் என்று தெரிந்தே நாடு கடந்தவரின் எழுத்துக்குத் தன் இதழில் இடம் கொடுத்தவரை, தொழுநோயை வைத்து மட்டும்தான் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்கிறோம். அடுத்த முறை நினைவிடத்தில் 'ஞானபாநு'விலிருந்துதான் பேச்சைத் தொடங்கப் போகிறேன்.

அம்மாவிடம் ஒரு கேள்வி. பாட்டி சொன்னது எந்தக் காலத்துப் பத்திரிகை? 1909ஆ, இல்லை 1942இல் சுற்றிய துண்டறிக்கையா? தாளின் நிறம் பற்றி ஏதாவது சொன்னாரா?

தென்பெண்ணைக் கரை:

ஐயா, ஆண்டு பாட்டிக்குத் தெரியாது. என் அம்மாவிடம் இப்போதுதான் போனில் கேட்டேன். நிறம் பற்றிப் பாட்டி ஒன்றும் சொன்னதில்லையாம். ஆனால் பத்திரிகையில் படம் இருந்தது என்றும், ஊறப்போடுவதற்கு முன் மாமியார் அந்தப் படத்தை மட்டும் பார்த்துச் சிரிப்பார் என்றும் சொல்லியிருக்கிறாராம். 'இந்தியா'வில் கேலிச்சித்திரம் வந்தது என்று படித்திருக்கிறேன். வேறு பத்திரிகைகளிலும் வந்திருக்கலாம் என்பதால் இதை வைத்து மட்டும் சாதிக்க மாட்டேன். படத்தில் என்ன இருந்தது என்பது பெரிய அத்தைக்குத் தெரியும் என்கிறார் அம்மா. அத்தை பர்கூரில் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம், போனில் பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கேட்டு எழுதுகிறேன்.