ஓரியன் எங்கே விழுந்தது? கணக்குப் போட உதவி வேண்டும்

அப்போலோ ஏறுகலங்களின் (நிலவிலிருந்து வீரர்கள் மேலெழும்பப் பயன்படும் கலப்பகுதி) கதியைத் தொகுக்கிறோம். அப்போலோ 12-இன் இன்ட்ரெபிட்டை வேண்டுமென்றே நிலவில் மோதவிட்டார்கள்; நிலநடுக்கமானி ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதிர்வைப் பதிந்தது. 13-இன் அக்வேரியஸ் பூமிக் காற்றில் எரிந்தது. விடை தெரியாமல் குழப்புவது 16-இன் ஓரியன்தான்.

1972 ஏப்ரல் 24-இல் கழற்றிவிட்டதும் திசைக்கட்டுப்பாடு போய் உருள ஆரம்பித்தது. பாதையைத் தாழ்த்தி நிலவில் விழவைக்கும் இயந்திர எரிப்பு நடக்கவில்லை. சுமார் ஓராண்டில் விழுந்திருக்கும் என்பது வழக்கமான பதில். ஆனால் அதே நாளில் அப்போலோ 16 நிலவைச் சுற்ற விட்ட சிறு துணைக்கோள் 35 நாளிலேயே மோதிவிட்டதே! (நிலவுக்குள் புதைந்த அடர்திணிவுகள் இழுத்ததன் விளைவு.)

கிரெயில் (நிலவின் ஈர்ப்பை அளந்த விண்கலங்கள்) ஈர்ப்பு மாதிரியை ஜிமேட்டில் (GMAT, விண்கலப் பாதையைக் கணிக்கும் மென்பொருள்) ஓட்டிப் பழகியவர்கள் உண்டா? கழற்றிய நேரத்து நிலை, வேகத் திசையன்கள் எந்த ஆவணத்தில் இருக்கின்றன? ஆயத்தொலை அச்சு எது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கேதான் கணக்கு சொதப்பும்.