புதிய மேல்நிலை டொமைன்: ஐகேன் தரும் கட்டணச் சலுகைக்கு யாருக்குத் தகுதி உண்டு?

(இந்த உரையாடல் ஆதரவுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க முடிந்த காலத்தது; அந்த வாய்ப்பு 2025 இறுதியில் முடிந்துவிட்டது.)

கேள்வி

எங்களுடையது பேசுவோர் தொகை குறைந்த ஒரு மொழிக்காகப் பணியாற்றும், இலாப நோக்கமற்ற சிறிய அமைப்பு. அந்த மொழியின் பெயரிலேயே ஒரு மேல்நிலை டொமைனை, அதாவது இணைய முகவரியில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதியை, பெற வேண்டும் என்பது எங்கள் நிர்வாகக் குழுவின் நெடுநாள் விருப்பம். புதிய டொமைன்களுக்கு அனுமதி தரும் உலக அமைப்பான ஐகேன் (ICANN) விண்ணப்பங்களை ஏற்கும் அடுத்த சுற்றுக்கான அடிப்படைக் கட்டணம் 2,27,000 அமெரிக்க டாலர் என்று தெரிந்ததும் அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. ஐகேனின் விண்ணப்பதாரர் ஆதரவுத் திட்டத்தில் சேர்ந்தால் 75 முதல் 85 விழுக்காடு வரை கட்டணம் குறையும் என்று அறிந்த பிறகு மீண்டும் யோசிக்கத் தொடங்கியிருக்கிறோம்.

எங்களுக்கு விளங்காதது ஒன்றுதான். பணம் இல்லை என்று நிறுவினால்தான் சலுகை கிடைக்கும். ஆனால் பணம் இல்லை என்று நிறுவிய பிறகு, டொமைனை நடத்தும் வசதி இவர்களுக்கு இல்லை என்று அதே காரணத்தைச் சொல்லி விலக்கிவிட மாட்டார்களா? இத்திட்டத்தின் தகுதி விதிகளைப் படித்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவர்களாக இருப்போம்.

மறுமொழி 1

உங்கள் ஐயம் நியாயமானது. தேவையும் திறனும் அங்கே இரண்டு தனித்தனி அளவுகோல்களாக வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டிலும் தேற வேண்டும். முழுக் கட்டணத்தைச் செலுத்துவது அமைப்பின் வழக்கமான பணிகளைப் பாதிக்கும் அளவுக்குச் சுமை என்று காட்டுவது தேவை. சலுகை போக எஞ்சும் தொகையைச் செலுத்த முடியும் என்று காட்டுவது திறன். 85 விழுக்காடு குறைந்தால் நீங்கள் செலுத்த வேண்டியது 34,050 டாலர். 75 விழுக்காடுதான் குறையும் என்றால் 56,750 டாலர். ஆகவே கையிருப்பே இல்லாத அமைப்புக்கு இந்தத் திட்டம் பயன்படாது. ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்து, ஆண்டு வரவுசெலவு சிறியதாக இருக்கும் அமைப்புக்குத்தான் இது பொருந்தும். தணிக்கை செய்யப்பட்ட நிதி அறிக்கைகளை முதலில் எடுத்து வையுங்கள். நெருக்கடியை உருக்கமாக விவரிக்கும் கடிதத்தைவிட அவை அதிகம் பேசும்.

அதற்கும் முன்னால், அமைப்பின் வகை பார்க்கப்படும். இலாப நோக்கமற்ற, அரசு சாராத, அறக்கட்டளை வகை அமைப்புகள், அரசுகளுக்கு இடையிலான அமைப்புகள், பழங்குடி மக்களின் அமைப்புகள், சமூக நலனை நோக்கமாகக் கொண்ட சிறு தொழில் நிறுவனங்கள், வளர்ச்சி குறைந்த பொருளாதாரங்களைச் சேர்ந்த குறு, சிறு நிறுவனங்கள் ஆகியவை இதில் அடங்கும். தனிநபர் பெயரில் விண்ணப்பிக்க இயலாது. உங்கள் அமைப்பு முறையாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால் இந்தப் படியில் தடை இருக்க வாய்ப்பில்லை.

நிர்வாகிகளின் பின்னணியும் ஆராயப்படும். நிதி மோசடிக்காகத் தண்டனை பெற்றவர்கள், பிறருடைய வணிகப் பெயர்களை டொமைனாகப் பதிந்து வைத்துக்கொண்டு தொடர்ந்து வழக்கில் தோற்றவர்கள் ஆகியோர் குழுவில் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடக்கூடும். பெரும்பாலான தொண்டு அமைப்புகளுக்கு இது வெறும் படிவ வேலைதான். ஆனாலும் பெயரளவுக்குச் சேர்த்த இயக்குநர்கள் இருந்தால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கத்துடன் உடன்படுகிறேன். ஆனால் சென்ற சுற்றில் நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விதிகளின் போக்கு புரியாது. 2012-இல் கட்டணம் 1,85,000 டாலர். ஆதரவு பெறுவோர் 47,000 டாலர் செலுத்தினால் போதும் என்றார்கள். உதவிக்காக ஐகேன் 20 லட்சம் டாலர் ஒதுக்கியது. வந்த மொத்த விண்ணப்பங்கள் 1,930. அவற்றுள் ஆப்பிரிக்காவிலிருந்து 17, இலத்தீன் அமெரிக்கா மற்றும் கரீபியன் பகுதியிலிருந்து 24. கட்டண உதவி கேட்டவர்கள் மூவரே, பெற்றவர் ஒருவரே. ஏழை நாடுகளில் ஆர்வமில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. திட்டம் காலம் கடந்து அறிவிக்கப்பட்டது. அதோடு, உதவிக்குத் தகுதி இல்லை என்று தீர்ப்பானால் அந்தச் சுற்றிலிருந்தே விலக வேண்டும் என்ற விதியும் இருந்தது. பணக்காரர்கள் ஏழை வேடம் போட்டு வருவதைத் தடுக்கக் கட்டிய வேலி, உள்ளே வர வேண்டியவர்களையும் வெளியே நிறுத்திவிட்டது என்பதே என் கருத்து.

அன்று உதவி பெற்ற ஒரே அமைப்பு, ஹாங்காங்கில் இயங்கும் டாட்கிட்ஸ் அறக்கட்டளை. சிறுவர்களுக்கான 'டாட் கிட்ஸ்' என்ற பெயரை அது கேட்டது. அதே பெயரை அமேசானும், அதனுடன் மயங்கக்கூடிய 'டாட் கிட்' என்ற பெயரைக் கூகுளும் கேட்டிருந்தன. கட்டணச் சலுகை கிடைத்துவிட்டதால் அந்தப் போட்டி நீங்கிவிடவில்லை. அந்த டொமைன் இணையத்தின் வேர் மண்டலத்தில், அதாவது எல்லா மேல்நிலை டொமைன்களையும் கொண்ட மையப் பட்டியலில், சேர்ந்தது 2022-இல்தான். பத்தாண்டுக் காலம் ஒரு தொண்டு அமைப்பு தாக்குப்பிடிப்பது எளிதன்று. இம்முறை ஒரே பெயருக்குப் பலர் போட்டியிட்டு ஏலம் வரை சென்றால், ஆதரவு பெற்றவருக்கு ஏலத் தொகையில் சலுகை தரும் ஏற்பாடு சேர்க்கப்பட்டிருப்பதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். விண்ணப்பதாரர்கள் தமக்குள் தனியாக ஏலம் நடத்திப் பணம் பகிர்ந்துகொள்வதும் இம்முறை தடை செய்யப்பட்டிருக்கிறது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. விலக வேண்டும் என்ற அந்த விதி இப்போதும் உண்டா? எங்கள் குழுவில் சிலர் அதற்காகவே தயங்குகிறார்கள்.

மறுமொழி 1

இல்லை. இம்முறை ஆதரவுத் திட்டம் 2024 நவம்பர் 19 அன்றே திறக்கப்பட்டது. டொமைனுக்கான விண்ணப்பம் 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை. முதலில் ஆதரவு முடிவாகிவிடுவதால், கிடைக்காதவர்கள் முழுக் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம், அல்லது பெரிய இழப்பின்றி ஒதுங்கிக்கொள்ளலாம். கட்டணச் சலுகை ஒரே ஒரு விண்ணப்பத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும், விண்ணப்பம் தயாரிக்க இலவச ஆலோசனை உதவி உண்டு என்பதையும் குழுவிடம் சொல்லுங்கள்.

மறுமொழி 3

எல்லோரும் விண்ணப்பக் கட்டணத்தையே பேசுகிறீர்கள். டொமைன் கிடைத்த பிறகு வரும் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும். சென்ற சுற்றின் ஒப்பந்தப்படி, ஒரு பெயர்கூடப் பதிவாகாவிட்டாலும் காலாண்டுக்கு 6,250 டாலர் ஐகேனுக்குச் செலுத்த வேண்டியிருந்தது. இது தவிர, பெயர்த் தீர்வு (டொமைன் பெயரைக் கணினி முகவரியாக மாற்றிச் சொல்வது), டிஎன்எஸ்செக் கையொப்பம் (அந்த விடை போலியல்ல என்று உறுதிப்படுத்தும் டிஜிட்டல் முத்திரை), பதிவுத் தரவுச் சேவை (பெயர்களின் பதிவு விவரங்களைக் கேட்பவர்களுக்குத் தருவது), தரவைப் பாதுகாப்பாக வேறிடத்தில் ஒப்படைத்து வைத்தல் ஆகியவற்றை இடைவிடாமல் நடத்த வேண்டும். சிறிய அமைப்புகள் இவற்றை ஏற்கெனவே ஐகேனின் மதிப்பீட்டில் தேறிய ரெஜிஸ்ட்ரி சேவை நிறுவனம் (மேல்நிலை டொமைனின் தொழில்நுட்பப் பணிகளை நடத்தித் தரும் நிறுவனம்) ஒன்றிடம் ஒப்படைப்பதே வழக்கம். அதற்கும் கட்டணம் உண்டு. அப்படிப்பட்ட இரண்டு நிறுவனங்களிடமாவது விலை கேட்டு, ஐந்தாண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் ஒன்றை எழுதிப் பாருங்கள். உங்கள் மொழிச் சமூகத்திலிருந்து ஆண்டுக்கு எத்தனை பேர் அந்த டொமைனில் பெயர் பதிவார்கள் என்ற வரியை நிரப்ப முடியவில்லை என்றால், இருக்கும் மேல்நிலை டொமைன் ஒன்றின் கீழ் ஒரு பெயரைப் பதிந்து, அதன் துணை டொமைன்களை உறுப்பினர்களுக்குக் கொடுப்பதே இப்போதைக்குப் போதுமானது.