புதுப்பிப்பு: பிடிஎஃப் சுட்டி திறக்காமல் பதிவிறக்கம் ஆன சிக்கல் தீர்ந்தது

என் தளத்தில் பிடிஎஃப் சுட்டியைச் சொடுக்கினால் உலாவியில் திறக்காமல் நேரே பதிவிறக்கம் ஆகிறதே, ஏன் என்று போன வாரம் கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

“கோப்பின் பெயரை விடுங்கள், சர்வர் அனுப்பும் ஹெட்டரைப் பாருங்கள்” என்ற யோசனைதான் கைகொடுத்தது. (ஹெட்டர் என்றால் கோப்போடு சேர்த்து சர்வர் அனுப்பும் குறிப்பு வரிகள்.) கர்ல் கட்டளையால் ஹெட்டர்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். கோப்பு என்ன வகை என்று சொல்லும் கன்டென்ட்-டைப் வரியில் ‘அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்’ என்று இருந்தது. ‘ஏதோ பைட்டுகள், என்ன வகை என்று தெரியாது’ என்பதுதான் அதன் பொருள். உலாவி பாவம், சேமிக்காமல் வேறென்ன செய்யும்? ‘அப்ளிகேஷன்/பிடிஎஃப்’ என்று மாற்றினேன்.

அப்புறமும் பதிவிறக்கம்தான்! அரை நாள் இதிலேயே போனது. நானே எப்போதோ எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று, கோப்பைக் காட்டுவதா சேமிப்பதா என்று சொல்லும் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் ஹெட்டரில் ‘அட்டாச்மென்ட்’ என்று சேர்த்துக்கொண்டிருந்தது. அது இருந்தால், வகை சரியாக இருந்தாலும் உலாவி சேமிக்கத்தான் பார்க்கும். ‘இன்லைன்’ ஆக்கியதும் திறந்துவிட்டது.

சுட்டியில் உள்ள டவுன்லோடு பண்பை (‘திறக்காமல் சேமி’ என்று உலாவிக்குச் சொல்லும் குறிப்பை) எடுத்துவிடச் சொன்னவருக்கு: என் சுட்டியில் அது இல்லவே இல்லை. ஆனால் தேடியதில் ஒன்று தெரிந்தது. கோப்பு வேறு டொமைனில் இருந்தால் இன்றைய உலாவிகள் அந்தப் பண்பைக் கண்டுகொள்வதில்லை.

ஒரு கணினியில் மட்டும் இன்னும் பதிவிறக்கம் ஆகிறது. அங்கே உலாவி அமைப்பிலேயே பிடிஎஃப் என்றால் சேமி என்று வைத்திருக்கிறார்கள். அதைச் சர்வர் பக்கமிருந்து மாற்ற வழியில்லை.