எல் வடிவ நிலத்துக்கு ஏற்ப வியூபோர்ட் எல்லையை மாற்றுவது எப்படி?

காட்பாடி வரைவாளர்:

வணக்கம். காட்பாடியில் உள்ள ஒரு சிறிய அலுவலகத்தில் ஆட்டோகேட் என்ற மென்பொருளில் வரைபடம் வரைகிறேன். பாலாற்றங்கரையை ஒட்டிய ஒரு நிலத்துக்கு இப்போது மனைப்பிரிவு வரைபடம் தயாராகிறது.  

நிலம் எல் வடிவத்தில் உள்ளது. கிழக்கு மேற்காக 310 மீட்டர். மேற்கு முனையில் ஒரு கை வடக்கே நீள்வதால், தெற்கு எல்லையிலிருந்து அந்தக் கையின் முனை வரை 180 மீட்டர். ஏ1 தாளில் 1:500 அளவில் வைத்தால் 620 மி.மீ.க்கு 360 மி.மீ. ஆகிறது. வடகிழக்கில் காலியாக இருக்கும் மூலையில் பரப்பளவு அட்டவணையையும் இருப்பிட வரைபடத்தையும் வைக்க வேண்டும். ஆனால் வியூபோர்ட் (வரைபடத்தைத் தாளில் காட்டும் சாளரம்) செவ்வகமாக இருப்பதால், பக்கத்துச் சர்வே எண்களின் எல்லைக் கோடுகளும் கால்வாயும் அந்த மூலையில் தெரிந்து, அட்டவணையோடு கலந்துவிடுகின்றன. இருப்பிட வரைபடத்துக்கு அதே கோடுகள் தேவைப்படுவதால் அவற்றை அழிக்கவும் முடியாது. போன வாரம் வைப்அவுட் (அடியில் உள்ள கோடுகளை மறைக்கும் வெற்றுத் திட்டு) போட்டு மறைத்துப் பார்த்தேன். அதன் சட்டகமும் சேர்ந்தே அச்சாகி, ஒரு ஏ1 தாள் வீணானது.

வியூபோர்ட்டின் எல்லையை வேறு வடிவத்தில் வெட்டும் விபிகிளிப் கட்டளையையும் முயன்றேன். வியூபோர்ட்டுக்குள் இரட்டைக் கிளிக் செய்து, நிலத்தின் எல்லையைச் சுற்றிப் பாலிலைன் (பல துண்டுகள் இணைந்த ஒரே கோடு) வரைந்து, வெளியே வந்து கட்டளையைக் கொடுத்தால், வியூபோர்ட்டைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. பாலிலைனைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை. எங்கே தவறு?

ராணிப்பேட்டை சர்வேயர்:

தவறு, இரட்டைக் கிளிக் செய்த அந்த இடத்திலேயே நேர்ந்துவிட்டது. வியூபோர்ட்டுக்குள் போய் வரைந்த கோடு மாடல் ஸ்பேஸில், அதாவது நிலத்தை உண்மை அளவில் வரையும் இடத்தில், போய் உட்கார்ந்துகொள்ளும். வியூபோர்ட்டின் எல்லையாகும் கோடோ தாளின் மீது, அதாவது பேப்பர் ஸ்பேஸில் இருந்தாக வேண்டும். திரையில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிவதால் புதிதாக வருபவர்கள் எல்லோருமே இங்கே இடறுகிறார்கள். இடது கீழ் மூலையில் உள்ள யூசிஎஸ் குறி (எக்ஸ், ஒய் திசைகளைக் காட்டும் சின்னம்) முக்கோண வடிவில் இருந்தால் நீங்கள் தாளின் மீது இருக்கிறீர்கள் என்று பொருள்.

வரைந்ததை வீணாக்க வேண்டியதில்லை. சிஎச்ஸ்பேஸ் கட்டளையால் அந்தப் பாலிலைனைத் தாளுக்கு மாற்றுங்கள். வியூபோர்ட்டின் 1:500 அளவுக்கு ஏற்ப அது தானாகவே சுருங்கி வந்து சேரும். பிறகு ஆஃப்செட் கொடுத்து அதை 10 மி.மீ. வெளியே தள்ளிக்கொள்ளுங்கள். 1:500 அளவில் அது தரையில் 5 மீட்டர் என்பதால், எல்லைக் கற்களும் அளவு எழுத்துகளும் வெட்டுப்படாமல் தப்பும். அதற்குப் பின் விபிகிளிப் கொடுத்து, முதலில் வியூபோர்ட்டையும் அடுத்துப் பாலிலைனையும் தேர்ந்தெடுத்தால் போதும்.

பாலிலைன் மூடியதாக இருப்பது முக்கியம். கடைசிக் கிளிக்கை முதல் முனையின் மேலேயே வைத்துவிட்டால் கண்ணுக்கு மூடியதுபோலத் தெரியும், ஆனால் பிராப்பர்ட்டீஸில் திறந்தது என்றே காட்டும். குளோஸ் கொடுத்து முடிப்பதே சரி. பாலிலைனில் வில் வடிவத் துண்டுகளும் இருக்கலாம் என்பதால் ஆறு வளையும் பக்கத்தில் வளைவாகவே கொண்டு போகலாம்.

சத்துவாச்சாரியிலிருந்து:

மேலே சொன்னது சரி. ஆனால் இந்த நிலத்துக்கு ஆறே மூலைகள் என்றால் நான் இவ்வளவு சுற்றமாட்டேன்: விபிகிளிப்பில் பாலிகோனல் என்று கொடுத்துத் தாளின் மீதே ஆறு கிளிக்கில் முடித்துவிடுவேன். செவ்வகமல்லாத வியூபோர்ட் ஆட்டோகேட் 2000 பதிப்பிலிருந்தே இருக்கிறது. இருந்தும் இன்றுவரை வைப்அவுட்டால் மறைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

எல்லையைத் தொடுவதற்கு முன் வியூபோர்ட்டின் டிஸ்ப்ளேயை லாக் செய்யுங்கள். பூட்டிய பிறகும் கிரிப்பை (மூலைகளில் தெரியும் சிறு சதுரப் பிடியை) பிடித்து எல்லையை இழுக்கலாம். பூட்டாவிட்டால் உள்ளே போய் மவுஸ் சக்கரத்தை ஒருமுறை உருட்டியதுமே 1:500 கைநழுவிவிடும். வரைபடம் மீட்டரிலும் தாள் மில்லிமீட்டரிலும் இருந்தால் ஜூமில் கொடுக்க வேண்டியது 2எக்ஸ்பி (தாளின் அலகில் 2 மடங்கு). ஒரு மீட்டருக்கான 1000 மி.மீ.ஐ 500-ஆல் வகுத்தால் கிடைக்கும் 2 தான் அது.

எல்லைக் கோடு அச்சில் வரக்கூடாது என்பதற்காக அதன் லேயரை (கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கை) ஃப்ரீஸ் செய்துவிடாதீர்கள். தனி லேயரில் வைத்து, அந்த லேயரின் பிளாட்டை, அதாவது அச்சிடுவதை, மட்டும் நிறுத்துங்கள். திரையில் கோடு தெரியும், தாளில் வராது.

காட்பாடி வரைவாளர்:

இருவருக்கும் நன்றி. சிஎச்ஸ்பேஸ் வழியில் செய்தேன். அட்டவணை இப்போது காலி மூலையில் தெளிவாக நிற்கிறது. இதற்கிடையில் நிலத்தின் உரிமையாளர் கிழக்கில் இன்னொரு துண்டையும் சேர்க்கப் போவதாகச் சொல்கிறார். அப்போது எல்லையில் இரண்டு மூலைகள் கூடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

ராணிப்பேட்டை சர்வேயர்:

தேவையில்லை. இருக்கும் மூலைகளை நகர்த்த மட்டும் வேண்டுமானால் கிரிப்பைப் பிடித்து இழுத்தாலே போதும்; 1:500 அளவு மாறாது. மூலைகள் கூடினால் தாளின் மீது புதிய பாலிலைன் வரைந்து, அதே வியூபோர்ட்டுக்கு மறுபடி விபிகிளிப் கொடுங்கள். பழைய எல்லை நீங்கிப் புதியது அமரும். உரிமையாளர் மனம் மாறி எல்லாவற்றையும் செவ்வகமாகவே கேட்டாலும் அதே கட்டளையில் டெலீட் என்ற தேர்வு இருக்கிறது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஏ1 தாளின் நீளம் 841 மி.மீ. உங்கள் வரைபடம் இப்போதே 620 எடுத்துக்கொள்வதால், ஓரத்தையும் தலைப்புக் கட்டத்தையும் கழித்தபின் மிஞ்சும் இடத்தில், கிழக்கில் கூடும் ஒவ்வொரு 50 மீட்டருக்கும் 100 மி.மீ. போய்விடும்.